பத்து நூல்

எண்பது மீட்டர் உயரத்தில் எனக்கு ஒன்றும் ஆவதில்லை.
கொக்கியை மாட்டிக்கொண்டு
காற்றாலைத் தலையின் மூடியைத் திறந்து நின்றால்
தெற்கே ஆனைமலை, கீழே தென்னை,
சோளக்காட்டோரம் தீப்பெட்டி அளவில் என் வண்டி.

தீப்பெட்டியிடம்தான் தகராறு.

பொள்ளாச்சிக்காரர், ஆறடி ரெண்டங்குலம்.
இமயமலை போகவென்று வாங்கி
வால்பாறையோடு திரும்பியவர்.
நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி.
நான் நாலடி பதினொன்று,
பூட்ஸோடு சேர்த்தால் ஐந்து.

ஓடுகிறவரை உயரம் யாருக்கும் தெரியாது.
நிறுத்தினால் தெரியும்.

குடிமங்கலம் நால்ரோட்டில்
தேங்காய்மட்டை லாரி ஒன்று நின்று யோசிக்க,
நானும் நின்றேன்.
இடது பெருவிரல் தாரைத் தேடிக்கொண்டிருந்தது.
அந்நேரம் பார்த்து
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஒரு காற்று.
எனக்குச் சம்பளம் தருகிற அதே காற்று.

நூற்றெண்பது கிலோ
மெதுவாகத்தான் சாய்ந்தது.
மெதுவாகச் சாய்ந்ததால்
எல்லோருக்கும் பார்க்க நேரம் கிடைத்தது.
"அம்மணிக்கு ஸ்கூட்டி போதுமுங்களே" என்றார்
இளநீர்க்கடைக்காரர், தூக்கிவிட்டபடியே.
போதாதுங்க.
பதினேழாம் நம்பர் காற்றாலைக்குப் போகிற இட்டேரியில்
ஸ்கூட்டியின் வயிறு
முதல் கல்லிலேயே உட்கார்ந்துவிடும்.

உடுமலை, தளி ரோடு.
இதாயத்துல்லா டேப்பை எடுத்து
வண்டியைத்தான் அளந்தார்.
அதற்காகவே அவரிடம் விட்டேன்.
முந்தைய ரெண்டு பட்டறையிலும்
என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்,
கீழே பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"முன்னாடி ஃபோர்க் குழாயை மேல ஏத்துனா
வண்டி கீழ எறங்குமுங்க.
பின்னாடி இந்த எலும்பை நீளமாப் போட்டா
வண்டி குட்டையாகும்."
இன்னொருக்காச் சொல்லுங்க என்றேன்.
எலும்பு என்பது பின்சக்கர லிங்க் பட்டைக்குப்
பட்டறையில் வைத்த பேர்.
இருபத்தொன்பது வருசமாக
என் எலும்பைப் பற்றி ஊர் சொன்னதெல்லாம் வேறு.

ரெண்டங்குலம் கேட்டேன்.
பத்து நூலுக்கு மேல் ஒரு மயிரிழை முடியாது என்றார்.
"அதுக்கு மேல போனா டயரு மட்கார்டைத் தின்னுபோடும்."
சீட்டின் பஞ்சை பிளேடால் சீவினார்.
மஞ்சள் துகள் பறந்து வந்து
என் டீயில் விழுந்தது.

பொழுதோடப் போனேன்.
வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார்.
சாயாமல் நேராக, போலீஸ்காரர் மாதிரி நின்றது.
"அழகா நிக்குதுங்" என்று சொல்லி
வாய் மூடவில்லை.
வலப்பக்கமாக விழுந்தது.

இந்த முறை அதன்மேல் நான் இல்லை.
சாட்சிக்கு ஆறு பேர், ஒரு ஆட்டுக்குட்டி.

வண்டியை இறக்கினால்
ஸ்டாண்டையும் குறைக்கணுமாம்.
அவருக்கே மறந்துபோச்சு.
அறுத்து, சாய்வு பார்த்து, மறுபடி அறுத்து,
பொறி பறக்க வெல்டு வைத்தார்.
விரற்கடை இரும்பு ஒன்று
வெந்நிறமாகக் கிடந்து கறுத்தது.
அந்த வேலைக்கு மட்டும் காசு வாங்கவில்லை.
கண்ணாடி உடைந்ததற்கு ஆளுக்குப் பாதி.

இப்போது முன்பாதம் முழுக்க ஊன்றுகிறது,
குதிகால் கொஞ்சம் மிதக்கிறது.
பெதப்பம்பட்டி வேகத்தடையில் மட்டும்
எஞ்சின் தகடு க்ர்ர்ர் என்று இழுபடும்.
தினமும் அதே இடம், அதே பல்கூச்சம்.
குடிமங்கலத்தில் நின்றேன். காற்றும் வந்தது.
இளநீர்க்கடைக்காரர்
அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.
பச்சை விழுந்ததும் கிளம்பிவிட்டேன்.

பதினேழாம் நம்பரின் ஏணியும்
எவனோ நெட்டையன் கணக்குக்கு அடித்தது.
இருநூற்றெழுபத்தாறு படி,
ஒவ்வொன்றிலும் முழங்கால் வயிற்றுக்கு வரும்.
அதைப் பற்றி இதாயத்துல்லாவிடம் கேட்க முடியாது.

உச்சிக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன்.
தீப்பெட்டி இடப்பக்கம்
சொன்ன அளவுக்குச் சாய்ந்து நிற்கிறது.
காற்றுமானியில் பதினாறு.
பதினெட்டானால்
நாங்களும் இறங்கிவிட வேண்டும்.