சுவரின் இரண்டு பக்கம்

கீலுங்கில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
பெய்யாத நாளைத்தான் சொல்வோம்,
சம்பளம் உயர்ந்ததைச் சொல்வதுபோல, தணிந்த குரலில்.

அலமாரிக்குப் பின்னால் மறுபடி பூத்திருக்கிறது.
போன ஏப்ரலில் துடைத்த அதே இடம். அதே உருவம்:
ஒரு காது தொங்கிய நாய்.
மகள் யி-ஜென் பெயரே வைத்துவிட்டாள்.
"ஓ-கௌ வந்தாச்சு" என்பாள்,
புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.
ஓ-கௌ என்றால் கறுப்பு நாய்.

செய்யாதது என்ன?
பிளீச்சிங் நீர் ஊற்றிக் கண்ணெரிய நின்றேன்.
வினிகர் தெளித்தேன்; வீடு ஊறுகாய் ஜாடியாயிற்று.
பூஞ்சணம் பிடிக்காத பெயிண்ட் என்று ஒன்று விற்றார்கள்.
எனக்கு விலை பிடிக்கவில்லை.
பூஞ்சணத்துக்குப் பெயிண்ட் பிடித்துப்போயிற்று.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இராப்பகலாய் உறுமும்.
காலையில் நாலு லிட்டர், இரவில் மூன்று.
தொட்டியைக் கவிழ்க்கையில் ஒவ்வொரு முறையும்
இந்த நினைப்பு வரும்:
நேற்று முழுக்க இதைத்தான்
மூச்சென்று இழுத்துக்கொண்டிருந்தோம்.

கோ-ஷியுங்கின் கல்யாணக் கோட்டு போயிற்று.
தோல் செருப்புகள் பச்சை மயிர் வளர்த்தன.
துறைமுகத்தில் மாமனாருக்குக் கொடுத்த சான்றிதழ்
கண்ணாடிக்குள்ளேயே பூத்து,
"இருபத்தாறு ஆண்டு உழைத்த" என்ற வரியில்
"உழைத்த" மட்டும் மிச்சம்.
ஜன்னல் மூடியிருந்தால் என் தப்பு.
திறந்திருந்தால் அவர் தப்பு.
பாதி திறந்த நாட்களில் பேசாமல் சாப்பிட்டோம்.

ஐந்தாம் மாடி சுவாங் அம்மாவின் குளியலறைதான் காரணமென்று
மூன்று வருஷமாய் எனக்குத் தெரியும்.
படிக்கட்டில் அவர் செருமல் கேட்டால்
பைக்குள் சாவி தேடுவேன்,
சாவி கையில் இருக்கும்போதே.

ஒருநாள் அவரே வந்து கதவைத் தட்டினார்.
கையில் கறுத்த துணி.
"நீங்க சமைக்கிற ஆவியெல்லாம்
என் வீட்டுக்குத்தான் ஏறுது."
பேசாமல் உள்ளே கூட்டிப்போய் நாயைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து
மேலே இழுத்துப் போனார்.
அவர் வீட்டுச் சுவரில், தரையை ஒட்டி,
வால் இருந்தது.

சிரிப்பு எங்கள் இருவரில்
யாருக்கு முதலில் வந்ததென்று நினைவில்லை.

மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்கினார் ஆ-ஹொங்.
தெருப்பக்கம் ஓடு உதிர்ந்து, எங்கோ விரிசல்;
எங்கே என்றுதான் தெரியவில்லை.
"உள்ளேயிருந்து தட்டுங்க" என்றார் போனில்.
அலமாரியை நகர்த்தி நாயின் நெற்றியில் தட்டினேன்.
அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.
கொஞ்சம் இடம். கொஞ்சம் மேல்.
ஒரு சாண் கான்கிரீட்டுக்கு அப்பால்,
நாலு மாடி உயரத்தில், மழையில் தொங்கும்
முகம் தெரியாத மனிதரும் நானும்
விரல் கணுக்களால் பேசிக்கொண்டிருந்தோம்.
காதுக்கு மேலே ஓசை மாறியது:
பழுத்த தர்ப்பூசணியைத் தட்டியதுபோல்.
"ஆமா, இங்கதான்" என்றார்,
போனிலும் சுவரிலும் ஒரே சமயத்தில்.

கூலியை ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.
ஜன்னல் கம்பி வழியே நீட்டிய தேநீரை
அவர் ஆடிக்கொண்டே குடித்தார்,
ஒரு சொட்டுச் சிந்தாமல்.

இந்த ஏப்ரல் போய்விட்டது. மேயும் பாதி.
சுவர் சும்மா இருக்கிறது.
யி-ஜென் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்குப் போகிறாள்.

நேற்றுக் குளியலறைக் கதவின் அடியில் ஒரு புள்ளி.
எள்ளைவிடச் சிறியது.
துணியை நனைத்தேன்.
துடைக்கும் முன் ஐந்தாம் மாடிக்குப் போன் போட்டேன்:
"உங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க."