முன்னூற்றுப் பத்து மரமும் ஜுரேமாவும்

இரவு மூன்று மணி.
குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறைச் சாலையை விட்டு இறங்கினால்
எனக்க பங்கு முன்னூற்றுப் பத்து மரம்.
நெற்றியில் விளக்கு, இடுப்பில் கத்தி,
ஒரு காதில் ஜுரேமா தவாரெஸ்.
மற்றக் காது பன்றிக்கு.

அண்ணன் மகன் ரெஜின் ஏற்றித் தந்த கார்டில்
பிரசங்கத்துக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவே
தப்பி வந்து விழுந்தவள்.
யாரு மக்கா இது, கேட்டேன்.
பிரேசில்காரி, பியானோ வாசிப்பா, ஜாஸ் பாடுவா.
ஜாஸுன்னா?
"அடிக்க வேண்டிய எடத்துல அடிக்காம
அடுத்த எடத்துல அடிக்கது, அத்தை."

அது எனக்குத் தெரியும்.
வெட்டிவிட்டு நாலு எட்டு வைத்த பிறகுதான்
முதல் சொட்டு சிரட்டையில் விழும்.

கதையைத் தவணையாகச் சொன்னான்,
எனக்கு ரீசார்ஜ் போட்டுத் தரும் நாட்களில்.
பெலேம் பக்கம் ஆற்றங்கரையில் பிறப்பு.
அப்பன் பால்வெட்டுக்காரன்.
நெசமாட்டா?
நெசந்தான், இந்த மரத்துக்கே அதுதான் ஊரு.
மடத்துப் பியானோவைத் துடைக்கப் போனவள்
கையில் துணியோடே வாசித்துப் பழகினாள்,
சிஸ்டர்மாருக்குச் சத்தம் கேட்காதபடிக்கு.
இன்றைக்கும் அவள் கட்டையை அழுத்துவதில்லை,
துடைக்கிறாள்.

பதினெட்டில் ரியோ. கடற்கரை ஹோட்டலில்
குடிக்கிறவர்களின் முதுகுக்குப் பாடினாள்.
முதல் ரெக்கார்டின் அட்டையில் புருஷன் படம்,
டிரம்ஸ் அடிக்கிறவன்.
அவள் பெயர் பின்பக்கம், அச்சகத்தின் பெயருக்கு மேலே.
இரண்டாவது ரெக்கார்டில் அவன் இல்லை.
பிறகு நியூயார்க், பாரிஸ், கைதட்டல், கடன்.
பிறகு பதினோரு வருஷம் ஒன்றுமில்லை.
ஒண்ணுமில்லைன்னா?
"நெட்டுல ஒண்ணும் இல்ல, அத்தை."
நெட்டில் இல்லாத பதினோரு வருஷத்தை
நானே நிரப்பிக்கொண்டேன்.
சோறு வடித்திருப்பாள். வட்டி கட்டியிருப்பாள்.
யாருக்கோ படுக்கை மாற்றியிருப்பாள்.
மேசையில் விரலால் தட்டியிருப்பாள்.

மேசை என்றதும் சொல்ல வேண்டும்.
ஒரு பாட்டின் நடுவே "மேசா" என்றாள்.
கொஞ்சம் கழித்து "ஜனேலா".
நூற்றெழுபதாவது மரத்தில்
நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல்
பட்டை தாண்டித் தடியில் போய் நின்றது கத்தி.
தெரியாத பாஷைக்குள்ளிருந்து
எங்க வீட்டு மேசையும் ஜன்னலும் எட்டிப் பார்த்தால்
யாருக்குத்தான் கை ஆடாது?
(பறங்கிக் கப்பலில் வந்த சொல் என்று ரெஜின் சொன்னது அப்புறம்.
மரச்சீனியும் கொல்லாமாவும்கூட அந்தக் கரையாம்.
மத்தியானம் மரச்சீனியை அவிக்கும்போது
அதை ஒரு தடவை உற்றுப் பார்த்தேன்.)
கணக்கன் கிறிஸ்துதாஸ் காயத்துக்கு இருநூறு ரூபாய் பிடித்தான்.
இப்போது அங்கே ஒரு முண்டு.
இருட்டில் தடவினாலும்
அது எந்தப் பாட்டென்று தெரியும்.

அறுபத்தோராம் வயதில் திரும்பி வந்தாள்.
இடது கை வாதத்தில் போயிருந்தது.
வலது கையால் மட்டும் ஒரு ரெக்கார்டு.
இடது கைக்குரிய இடங்களைச்
சும்மா விட்டிருக்கிறாள், யாரையும் வைத்து நிரப்பாமல்.
கடைசிப் பாட்டு முடிந்ததும் நாற்காலி கிறீச்சிடுகிறது,
அவள் இருமுகிறாள்,
யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.
எவரும் அதை வெட்டி எறியவில்லை.

இருக்காளா மக்கா?
போனைத் தேய்த்துப் பார்த்தான். இருக்கிறாளாம். எண்பத்திரண்டு.
எனக்கு மூன்று மணி என்றால்
அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை.
நான் கழித்துவிட்ட நாளில்
அவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனி மழை.
ஷீட்டுக்கு விலை இல்லையென்று முதலாளி
மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டவில்லை இந்த வருஷம்.
பதினாறு நாளாக வெட்டில்லை.
படுத்துக்கொண்டே கேட்டுப் பார்த்தேன் அவளை,
சரியாக வரவில்லை, கால் நடக்க வேண்டும்.
எழுந்து அடுக்களைக்கும் நடைக்குமாக
இருட்டில் நடந்தேன், எண்ணிக்கொண்டு.
நாற்பதோ ஐம்பதோ ஆனபோது சின்னவன் விழித்து
என்னம்மா செய்யுதீங்க என்றான்.
வேலைதான் மக்கா.
நீ ஒறங்கு.