நாற்பத்தேழாவது மரம்

நாகப்பட்டினத்தில் ஒருநாள் பயிற்சி.
மதியம் தக்காளி சாதம்.
கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
"எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள்.
"உயிராவது மிஞ்சியதே" என்று சொல்லாதீர்கள்.
அழச் சொல்லாதீர்கள்,
அழாதே என்றும் சொல்லாதீர்கள்.
சொல்ல வேண்டியது எது என்று
திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெற்றுத் தாள்.

புயல் போன நான்காம் நாள்
தலைஞாயிறு பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
கரும்பலகையில் இன்னும் வியாழக்கிழமைத் தேதி,
வருகை முப்பத்தெட்டு.
தரையில் அறுபது பேர்.

உத்திராபதி சன்னலோரம்.
யாரோடும் பேசுவதில்லை என்றார்கள்.
பேசிக்கொண்டுதான் இருந்தார்,
எண்களை.
நாற்பத்தாறு வந்ததும் நிறுத்துவார்.
உதட்டை நக்குவார்.
மறுபடி ஒன்றிலிருந்து.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பிரஷர் பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.
தண்ணீர் பாட்டிலின் மூடியை மட்டும்
திறந்து வைத்தேன்.
வெளியே ஜெனரேட்டர் இருமிற்று.
யாரோ போர்வைக்குச் சண்டை.
மூன்றாம் சுற்றில் நானும் சேர்ந்துகொண்டேன்,
அரைக் குரலில், அவருக்குப் பின்னால்,
வாய்ப்பாடு தெரியாத பிள்ளை மாதிரி.
நாற்பத்தாறில் நிறுத்தினார்.
நானும்.

இருட்டுகிற நேரம்,
ஏழாவதோ எட்டாவதோ சுற்று.
"நாப்பத்தேழு கொல்லைக் கடைசி" என்றார்.
"சாஞ்ச மரம். காய்ப்புக்குக் கொறையே இல்ல.
அதுலதான் பசுவைக் கட்டியிருந்தேன்.
அவுத்து வுடுங்கன்னு அவ சொன்னா.
காத்து சத்தத்துல
கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

எதிர் மூலையில் அவர் மனைவி
முதுகு காட்டிப் படுத்திருந்தார்.
தூங்கவில்லை.

தாளில் இதற்கு எதுவுமில்லை.
என்னிடமும் இல்லை.
"ம்" என்றேன்.
இந்த ஓர் எழுத்தைச் சொல்லத்தான்
திருத்துறைப்பூண்டியிலிருந்து
வேரோடு கிடந்த புளியமரங்களைச் சுற்றிச் சுற்றி,
அரிச்சந்திரா ஆற்றுப் பாலத்தில்
ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு
வந்தேன் போலிருக்கிறது.

தண்ணீர் குடித்தார்.
நாற்பத்தேழு என்றார்.
கொஞ்சம் பொறுத்து, நாற்பத்தெட்டு.
நூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது தோப்பு.
ஒன்றுகூட நிற்கவில்லையாம்.

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.
நிவாரண பன்னைப் பிய்த்து
பெரிய துண்டை நீட்டினார்.
"ஒங்க வூடு எப்படிம்மா, நிக்குதா?"

"நிக்குது" என்றேன்.

பொய் சொல்லாதீர்கள் என்று
அந்தத் தாளின் கடைசி வரியில் இருந்தது.
பன் காய்ந்து போயிருந்தது.
விழுங்க நேரமாயிற்று.
அவர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்,
மூடியைத் திறந்து.