இனம்: மொணங்கி

முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டில்
மொணங்கி இனத்துக்கு ஒன்றே ஒன்று.
தாக்குதல் நூறு.
தற்காப்பைச் சொல்லாமல் விடுவது மரியாதை.
இடுப்புக்குக் கீழே படமே இல்லை.

பல்லடம் தறிக்குடோனில் கரண்ட் போன நேரம்.
"காலிருக்குங்களா இதுக்கு?" என்றான் மௌலீசு.
"இருந்தா இந்த ஆட்டத்துல நிக்குமா?" என்றான் சபரிகிரி.
"அப்பிடி என்னத்த மொணங்குமாம்?"
"நூல் வெலையத்தான்."

எனக்கு வேறு கவலை.
இனத்துக்கே ஒரு ஆள் என்றால்
ஒரே கூட்டம்தானே,
பொண்ணெடுக்க எங்கே போகும்?
டிராகன் வீட்டில் கேட்டால்
தோட்டம் எத்தனை ஏக்கர் என்பார்கள்.

செல்போன் வெளிச்சத்தில் இறக்கினேன்.
முதல் அடியிலேயே செத்தது.
பங்காளி என்று யாருமில்லை;
டீ வரும்வரை
நாங்கள் மூவரும்
தீட்டுக் காத்தோம்.