ஓமலூர் 2.45

எனக்கு லாரி ஓட்டத் தெரியாது.
செவ்வாய்ப்பேட்டை கஞ்சமலையான் டிரான்ஸ்போர்ட்டில்
பதினோரு வருஷம் கழித்தல் கணக்குப் போட்டேன்.
வேகம் என்பது எனக்கு
இரண்டு பென்சில் குறிப்புகளுக்கு நடுவில் கிடந்த நிமிஷம்.

நாசிக் வெங்காயம்.
விடியுமுன் லீ பஜாருக்குள் நுழையும் முதல் வண்டிக்கு ஒரு விலை.
நாலாவது வண்டிக்கு
இறக்குக் கூலி மிஞ்சினால் பெரிது.
வேகமாய் வா என்று யாரும் யாரையும் சொன்னதில்லை.
முதலாளி சாமி படத்துக்குக் கீழே
'உயிர் முக்கியம்' என்று எழுதிக்கூட வைத்திருந்தார்.

கிளீனர் பச்சியண்ணனுக்கு எண்கள் மட்டும் எழுத வரும்.
அவன் பென்சிலில் குறித்து வருவதை
நான் பேரேட்டில் மையில் ஏற்றுவேன்.
பாளையம்புதூர் 2.10.
ஓமலூர் 2.30.
நடுவே தொப்பூர் இறக்கம்,
இருபத்தாறு கிலோமீட்டர், ஒற்றைத் தார்.
'எழுபத்தெட்டு வருதே' என்றேன் அர்த்தனாரியிடம்.
பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தான்.
'இன்ஷூரன்ஸ்காரன் படிக்கிற நோட்டுங்க அது.
நாப்பத்தஞ்சு வர்ற மாதிரி போட்டுக்குங்க.'
ஓமலூர் 2.45 என்று போட்டேன்.
அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரே ஒரு தடவை அந்த வண்டியில் வந்திருக்கிறேன்.
பெங்களூரில் வரி ஆபீஸ் வேலை, கடைசி பஸ் போய்விட்டது.
வேக முள் செத்துப்போன லேலண்ட்.
ஐம்பதில் கண்ணாடி நடுங்கும், அறுபதில் கதவு பேசும்,
எழுபதில் தார்ப்பாய்க் கயிறு பாட ஆரம்பிக்கும் என்றான்.
எழுபதுக்கு மேலே என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல்
இறக்கத்தின் தலையில் கியரை நியூட்ரலுக்குத் தட்டி
சாவியைத் திருப்பினான்.

சத்தம் நின்றுவிட்டது.
நான் எதிர்பார்த்தது அதுவல்ல.
பத்து டன் வெங்காயம் மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருந்தது.
டயரின் ஈரமான ஓசை, காற்று,
இடப்பக்கம் சேர்வராயன் மலையின் கரிய முதுகு,
அதன் மேல் ஏற்காட்டு விளக்குகள் நாலைந்து
நகராமல்.
என்ஜின் அணைந்தால் பிரேக் பாதிதான் பிடிக்கும்
என்று எனக்கு அப்போது தெரியாது.
பச்சியண்ணனுக்குத் தெரியும்.
சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை
மடியில் இறுக்கிப் பிடித்திருந்தான்.
அவன் வலது கால்
இல்லாத ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

பயந்தேனா?
சந்தோஷமாக இருந்தது.
இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு பழகிப்போயிற்று.
கிருஷ்ணகிரி பங்க்கிலிருந்து போன் வந்தவுடன்
மீதி நேரங்களை நானே எழுதி வைத்துவிட்டு
மேஜையில் தலை சாய்ப்பேன்.
ஆடி மாதம், ஒரு புதன்கிழமையும் அப்படித்தான்.

நாலு மணிக்குப் போலீஸ்காரர் எழுப்பினார்.
மூன்றாவது வளைவு. அர்த்தனாரிக்கு இடுப்பு எலும்பு.
கட்டை மட்டும் ரோட்டில் கிடந்ததாம்,
முட்டுக்கொடுக்கக் குதித்தானா, விழுந்தானா
என்று கேட்டார்.
எனக்கெப்படித் தெரியும்?

சர்வேயர் பேரேட்டைப் புரட்டினார்.
மூன்று வருஷம், எல்லா வரியும் நாற்பத்தைந்து.
நிதானமான டிரைவர்தான் என்று எழுதிக்கொண்டு போனார்.
முதலாளிக்குப் பணம் வந்தது.
பச்சியண்ணன் வீட்டுக்கு எண்ணூறு ரூபாய்.
ரசீதில் அவன் மனைவி கைநாட்டு வைக்க
மைப்பெட்டியை நான்தான் பிடித்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை வரியை மட்டும்
சர்வேயர் வருமுன் சிவப்பு மையில் அடித்திருந்தேன்.
அடித்த கோட்டுக்கு அடியில் இப்போதும் படிக்கலாம்:
ஓமலூர் 2.45.
நான் எழுதிய வேகத்தில்
அவன் வந்து சேர்ந்துவிட்டான்.

அன்று லீ பஜாரில்
ஒரு லோடு குறைந்ததால்
வெங்காயம் மூட்டைக்கு மூன்று ரூபாய் ஏறிற்று.
அதையும் குறித்து வைத்தேன்.