அரைப்புள்ளி

நகரக் கோயில் வரிக்கு
காலையில் ஆள் வந்தார்.
நோட்டைப் புரட்டினார், பேனா மூடியைக் கடித்தார்.
"ஆச்சி போனதுக்கப்புறம்
அண்ணன் அரைப்புள்ளி" என்றார்,
பாதிப் பணம் போதும் என்பதை
ஏதோ தன் தப்பு மாதிரி.

கொடுத்தேன். ரசீதில்
சா. ராம. சாத்தப்பன் என்று எழுதினார்.
லெப்டினன்ட் கமாண்டருக்கு அதில் கட்டம் இல்லை.
எங்கள் ஊரில் கப்பல் என்றால்
ஏறிப் போய், வட்டிக்கு விட்டு, தேக்கோடு திரும்புவது.
கப்பலின் முதுகில் விமானத்தை இறக்குவேன் என்றபோது
அப்பச்சி கேட்டது ஒன்றுதான்:
"மாசம் என்ன தர்றான்?"

இருபத்திரண்டு புள்ளிக்குப் பாத்தியப்பட்ட வீடு.
முகப்பிலிருந்து பின்கட்டு வாசல் வரை
ஒருநாள் காலடியால் அளந்தேன்.
நீராவிக் கவண் எங்களை எறிந்த தூரம்
கிட்டத்தட்ட அவ்வளவுதான்.
அதற்குள் பறந்துவிட வேண்டும்,
இல்லையென்றால் கடல்.

புள்ளி என்ற சொல்லை
முதலில் எனக்குக் கலக்கிவிட்டவன் கோஷி.
திருவல்லாக்காரன். ரேடார் பார்ப்பவன்.
"புள்ளி சாப்பிட்டாச்சா?" என்று
மெஸ்ஸில் என்னைப் பற்றி
என்னிடமே கேட்பான்.
அவன் ஊரில் புள்ளி என்றால் ஆள்.

எழுபத்தொன்று டிசம்பர், வங்கக் கடல், விடியாத வேளை.
திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு சொன்னான்:
"புள்ளி ஒண்ணு. பன்னிரண்டு மைல்."
இறங்க இறங்க அது
அரிசியானது, படகானது, கப்பலானது.
கயிற்றில் துணி காய்ந்தது, நீலக் கைலி ஒன்று.
ஒருவன் நெற்றியில் கை வைத்து
மழை வருமா என்று பார்ப்பவன்போல்
அண்ணாந்து பார்த்தான்.

பறப்புப் பதிவேட்டில் இருக்கிறது:
இரண்டு மணி பத்து நிமிடம். விளைவு, திருப்தி.
என் கையெழுத்து அன்று நன்றாகவே இருந்தது.

கணக்குப் பார்க்கிற ரத்தம்.
அந்தப் பதிவேட்டை நான் எத்தனை முறை கூட்டினாலும்
ஏறியது அறுநூற்றுப் பதின்மூன்று,
இறங்கியது அறுநூற்றுப் பன்னிரண்டு.
குறைகிற ஒன்று போரில் இல்லை.
போர் முடிந்து மூன்றாம் வருஷம்,
கோவாவுக்கு வெளியே, வெறும் பயிற்சி, செவ்வாய்க்கிழமை.
எஞ்சின் நின்றது. தண்ணீர்மேல் வைத்தேன்.
நான் மேலே வந்தேன்.
கோஷி வரவில்லை.

விசாகப்பட்டினம் குவார்ட்டர்ஸில் உமையாள்
காய் நறுக்கியபடி சத்தத்தை எண்ணுவாள்:
போனது ஆறு, வந்தது ஆறு.
எண்ணி முடித்துத்தான் உலை வைப்பாள்.
போரைப் பற்றி அவள் கேட்டது ஒரே முறை,
இலையில் ரசம் ஊற்றிக்கொண்டு,
வேறு யாரையோ விசாரிப்பதுபோல்:
"மேலேருந்து பாத்தா ஆளு தெரியுமா?"

"தெரியாது. புள்ளி மாதிரித்தான்" என்றேன்.

அவள் அப்பளத்தை இலை ஓரமாக வைத்தாள்.
நாற்பத்தெட்டு வருஷம்
அந்தப் பேச்சை எடுக்கவில்லை.
நம்பினாளா?
பதிவேடு நானும் வைத்தேன்,
அவளும் வைத்திருப்பாள்.

சாயங்காலம் மொபெட்டை எடுத்துக்கொண்டு
பழைய ஓடுதளத்துக்குப் போவேன்.
வெள்ளைக்காரன் யுத்தத்துக்குப் போட்டது.
விரிசலெல்லாம் ஆவாரை.
இன்றைக்குத் தென்கிழக்குக் காற்று, எட்டு நாட் இருக்கும்.
யாருக்கும் வேண்டாத இந்தக் கணிப்பை
வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

பள்ளத்தூர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார்
பிரம்பால் மேசையைத் தட்டிச் சொல்வார்:
அரைப்புள்ளி கண்டால்
இரண்டு மாத்திரை நில்.
நின்றேன்.

ஓடுதளத்தின் மறுகோடியில்
வெள்ளாடுகளுக்கு நடுவே ஒரு புள்ளி.
நெற்றியில் கை வைத்து
என்னைத்தான் பார்த்தது.

வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு
முகம் தெரிகிற தூரம்வரை நடந்தேன்.
நாற்பது வயதிருக்கும், ஒரு பல் இல்லை,
தோளில் தொரட்டி.
"மணி என்னங்கய்யா?" என்றாள்.
ஐந்து நாற்பது என்றேன்.