ஏழாவது கூண்டு

கூண்டுகள் எட்டு.
அறிக்கையில் வரிகள் ஏழு.
ஐந்து, ஆறு, எட்டு என்று
எண்ணத் தெரியாத பிள்ளைபோல் வந்து நிற்கிறது
கடலிலிருந்து தரவு.

அக்டோபரிலிருந்து இப்படித்தான்.

முதலில் கடலைச் சொன்னேன்.
ஃபாரோத் தீவுகளில் எதற்கும் முதல் பழி அதற்குத்தான்.
பிறகு காற்றை,
பிறகு மலைக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாத ரேடியோ அலையை.
பிறகு ஹெக்னியை:
"சென்சாரைத் தொட்டாயா?"
"மீனுக்குத் தீனி போடுவதுதான் என் வேலை, ரான்வா."
சொல்லிவிட்டு, ஆலங்கட்டி மழையில் படகெடுத்துப் போய்
கேபிளை மாற்றினான்.
அடுத்த வாரம் அந்தக் கேபிளையும் மாற்றினான்.
விரல் நுனிகள் வெளுத்துப்போய்த் திரும்பினான்.
ஏழாவது வரி வரவில்லை.

நேற்றிரவு
கம்பியையே ஒட்டுக்கேட்டேன், பொட்டலம் பொட்டலமாக.
ஆயிரத்து இருநூற்று எண்பது பைட்.
அங்கே புறப்பட்டதும் அதுவே, இங்கே சேர்ந்ததும் அதுவே.
கடல் ஓர் எழுத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.
எப்போதோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி அப்போதுதான் வந்தது:
கடல் விழுங்கியதென்றால்
எட்டாவது மட்டும் எப்படி நனையாமல் கரையேறியது?

என் நிரலில் ஒரு பாத்திரம் உண்டு.
ஆயிரத்து இருபத்து நான்கு பைட் கொள்ளும்.
ஒருமுறை அனுப்பியது ஒரேமுறையில் வந்துவிடும் என்று
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை,
நானாக நம்பிக்கொண்டேன்.
சாக்கெட் தபால்காரன் இல்லை, குழாய்.
திறந்தால் வரும்.
வாக்கியம் எங்கே முடிகிறதென்று
தண்ணீருக்கு என்ன தெரியும்?

அக்டோபரில் உப்பளவுக்கென்று ஒரு பத்தி கூட்டினேன்.
நான்தான்.
வரிகள் நீண்டன. பாத்திரம் நீளவில்லை.
ஆறு கூண்டுகள் முழுதாக உட்கார்ந்த பிறகு
ஏழாவது
"ஆக்சிஜன் 8." என்று வாய்திறந்த இடத்தில் நிரம்பிவிட்டது.
அடுத்த வாசிப்பு "4" என்று தொடங்கியது.
முதல் துண்டை, இது வரியே அல்ல என்று எறிந்தேன்.
இரண்டாம் துண்டையும் அதே சொல் சொல்லி எறிந்தேன்.
பிழைச்செய்தி தொந்தரவு என்று
அந்த இடத்தில் மௌனத்தை எழுதிவைத்தவளும் நான்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கடலிலிருந்து எடுத்ததை நான் அளக்கவே இல்லை.

திருத்தம் சின்னது.
மிச்சத்தை வைத்திரு, இன்னும் வாங்கு,
வரி முடிந்ததா பார், முடிந்தபின் படி.
விடியும்போது ஏழாவது கூண்டு
ஒன்றுமே நடக்காததுபோல்
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தது.
அதன் மீன்கள் இத்தனை நாளும்
நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

ஹெக்னிக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பக்கம் ஒரே காற்று.
"கேபிளில் ஒன்றுமில்லை. தவறு என்..."
அறுந்துவிட்டது.
இந்தமுறை நிஜமாகவே மலைதான்.

எதுவரை அவன் காதில் விழுந்ததோ.
ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு
துறைக்கு நடக்கிறேன்,
மிச்சத்தைக் கையில் கொடுக்க.